பப்படம் என்றொரு கிடாய்

அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கிடாய்க்குப் பப்படம் என்று பெயர் வைத்திருந்தார்கள். யாருக்குப் பசித்ததோ! கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள சான் கிளெமெண்டே தீவின் ஆட்டினம் அது. சிறு கூட்டத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இனம்பெருகியதால், தாய் தந்த மரபணுப் பிரதியும் தந்தை தந்ததும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், குழப்பமில்லாமல் வாசிக்கலாம். 2017இல் வெளியான அதன் மரபணுத் தொகுதிதான் ஆட்டு ஆராய்ச்சியின் உரைகல்லாயிற்று.

அதற்கு முன் 2013இல் சீனாவின் யுன்னான் கறுப்பாட்டின் தொகுதியை வாசித்திருந்தார்கள், ஆனால் துண்டு துண்டாக, இடைவெளிகள் ஏராளம். அந்தத் துண்டுகளை வரிசைப்படுத்தக் கைகொடுத்தவற்றில் ஒன்று, ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் சர்வதேச அணுசக்தி முகவரகமும் துணைநின்று உருவான கதிர்வீச்சு முறை. ஆட்டு உயிரணுவின் குரோமோசோம்களைக் கதிர்வீச்சால் உடைத்து, வெள்ளெலி உயிரணுவுடன் இணைப்பார்கள். அருகருகே இருந்த மரபணுக்கள் பெரும்பாலும் ஒரே துண்டில் ஒட்டியிருக்கும். எது எதற்குப் பக்கத்தில் என்பது அப்படித் தெரிந்தது.

ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக் குறிகளை ஒரே தடவையில் பார்க்கும் சிப்பும் 2014க்குள்ளேயே வந்துவிட்டது. அந்தக் குறிகளைத் திரட்டியது ஆறு இனங்களிலிருந்து: அல்பைன், சானென், போயர், சவானா, கிரியோல், கட்ஜாங். ஜமுனாபாரி இல்லை, இலங்கை நாட்டாடும் இல்லை. புத்தளம் மாவட்ட அரசுப் பண்ணையில் இவ்விரண்டையும் கலந்து உருவான கொட்டுகச்சிய ஆட்டை அந்தச் சிப்பில் பார்த்தால், நம் ஆட்டுக்கே உரிய வேறுபாடுகள் பல கண்ணில் படாமலே போகலாம்.

மாத்தளைக்கு ஆட்டு மரபணு வெறும் ஆய்வுகூடச் சங்கதியல்ல. தம்புள்ளை, கலேவெலப் பக்கம் வறண்ட பூமி. ரத்தோட்டை, எல்கடுவைத் தோட்டங்களில் ஈரம். இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் புழுவுக்கு ஈரப் புல்தான் சொர்க்கம். கீழிமை வெளுக்கும், தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கும், குட்டி சாகும். மருந்துக்கும் புழு பழகிவிடுகிறது. ஆனால் ஒரே பட்டியில் சில ஆடுகள் தாக்குப்பிடிக்கின்றன. அந்தத் திறனில் ஒரு பங்கு பரம்பரையாக வருவது. அதன் பின்னால் பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக.

அவற்றைப் பிடிக்க, எந்த ஆடு யாருடைய குட்டி, எவ்வளவு தாக்குப்பிடித்தது என்ற பதிவேடு வேண்டும். பிரான்ஸில் பாலாட்டுக்குப் பல பத்தாண்டுக் கறவைக் கணக்கு இருக்கிறது. லயத்துப் பட்டியில் குட்டியின் தகப்பன் எந்தக் கிடாய் என்றே பல வேளை தெரியாது. இந்த ஒன்றைச் சிப்பே சொல்லிவிடும். தாய், குட்டி, கிடாய்களின் மாதிரி கிடைத்தால் போதும். எடையைச் சொல்லாது, புழு முட்டையை எண்ணித் தராது. எண்ணுவதற்குப் புதிய புழுக்கை வேண்டும். வெயிலில் கிடந்தால் முட்டை பொரித்துக் கணக்கு பிழைத்துவிடும். ஐஸ் பெட்டியில், முடிந்தால் அன்றைக்கே, ஆய்வுகூடம் சேரவேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகமும் கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனமும் மாத்தளையிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன.