பகைவரின் பிள்ளைக்கும் ஒரு காணிக்கை

போரில் வாடும் குழந்தைகளுக்காக ஆலயத்தில் மன்றாடுகிறோம். அம்மன்றாட்டில் பகைவரின் குழந்தையும் அடங்குமா? 1919இல் ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் இக்கேள்வியை நேருக்குநேர் சந்திக்க நேர்ந்தது.

1918 நவம்பர் 11இல் முதல் உலகப்போர் ஓய்ந்தது. ஆயினும் ஜெர்மனிக்கெதிரான கடல் முற்றுகை 1919 ஜூலை வரை நீடித்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிள்ளைகள் பாலின்றி எலும்பும் தோலுமாயினர். எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, பசியால் உருக்குலைந்த ஆஸ்திரியக் குழந்தையின் படத்தை அச்சிட்டு லண்டனில் வழங்கினார். அதற்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 5 பவுண்டு. அவருக்கு எதிராக வாதாடிய வழக்கறிஞரே அத்தொகையை அவரிடம் கொடுத்தாராம்!

அவ்வம்மையார் கத்தோலிக்கர் அல்லர். எனினும் பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் அவரது முயற்சிக்குக் கை கொடுத்தார். 1919 நவம்பர் 24இல் சுற்றுமடல் விடுத்து, ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளின் திருநாளாகிய டிசம்பர் 28 அன்று, மத்திய ஐரோப்பியக் குழந்தைகளுக்காக உலகெங்கும் செபிக்கவும் காணிக்கை திரட்டவும் பணித்தார்.

பிரான்சிலோ பெல்ஜியத்திலோ, மகனைப் போர்க்களத்தில் பறிகொடுத்த தாயை எண்ணிப் பாருங்கள். அவனைச் சுட்டவனின் பிள்ளை உண்பதற்கு அவள் காசு போடவேண்டும். எத்தனை கைகள் நடுங்கினவோ! சிலர் போடாமலும் திரும்பியிருக்கலாம். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

இன்றிரவு குடும்பச் செபமாலையின்போது, நம் உள்ளம் வெறுக்கும் நாடு எதுவோ, அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லி, அந்நாட்டுக் குழந்தைகளுக்காக ஓர் அருள்நிறைந்த மரியே செபம் சொல்வோமா?