அப்பாவுக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பி.பி.! 1,299 ரூபாய் ‘அல்ட்ரா’ வாட்ச்சை நம்பலாமா?

போன மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா கையில் புது வாட்ச். ஆரஞ்சு ஸ்ட்ராப், பெரிய சதுரத் திரை, பக்கவாட்டில் தடித்த திருகு. பார்த்தால் அப்படியே ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா.

“என்னப்பா, ஏதாவது பம்பர் பரிசு விழுந்துருச்சா?” என்றேன். “1,299 ரூபாதான் பாப்பா. போன்ல விளம்பரம் வந்துச்சு. ஹார்ட்பீட், பி.பி., சுகர் எல்லாமே இதுலயே பார்த்துக்கலாம்” என்றார் பெருமையாக.

அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா மெதுவாகச் சொன்னார்: “ரெண்டு வாரமா பி.பி. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுறாரு. கேட்டா, வாட்ச்ல நார்மலா காட்டுதுங்கிறாரு.”

அப்பாவுக்கு 59 வயது. எட்டு வருடமாக பி.பி. இருக்கிறது. மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்கு அழைத்துப்போய்ப் பார்த்தேன். மெஷினில் 162/98. அதே நேரத்தில் வாட்ச்சில் 118/76.

உடனே டாக்டருக்குப் போன் போட்டோம். மாத்திரையைப் பழையபடி தினமும் போடச் சொன்னார். கையில் பட்டி கட்டிப் பார்க்கும் டிஜிட்டல் பி.பி. மெஷின் ஒன்றை அன்றே வாங்கிவிட்டேன். லீவில் மிச்சமிருந்த ஐந்து நாளும் எனக்கு ஒரே வேலைதான்: அந்த வாட்ச் சொல்வதில் எது உண்மை, எது சும்மா என்று பார்ப்பது.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

விளம்பரத்தில் ‘அசல் விலை 9,999, தள்ளுபடி 87%’ என்று இருந்தது. பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, தயாரான மாதம் எதுவும் இல்லை. வாட்ச்சின் பின்பக்கம் ‘டைட்டானியம்’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் மூலையில் பெயின்ட் உரிந்த இடத்தில் எட்டிப்பார்ப்பது பிளாஸ்டிக். அசல் அல்ட்ராவில் இருக்கும் ஆரஞ்சு நிற ‘ஆக்‌ஷன் பட்டன்’ இதிலும் உண்டு. அழுத்தினால் எதுவும் நடக்காது.

இதெல்லாம் பெரிய குற்றமில்லை என்றே வைத்துக்கொள்வோம். 2022-ல் 89,900 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்த வாட்ச்சின் தோற்றத்தை 1,299 ரூபாய்க்கு வாங்கினால் இப்படித்தான் இருக்கும். பேட்டரி ஏழு நாள் என்றார்கள், இரண்டு நாள் வந்தது. போனில் வரும் அழைப்பும் வாட்ஸ்அப் மெசேஜும் ஒழுங்காகவே வாட்ச்சில் தெரிந்தன. நேரம் சரியாக இருந்தது. சரி, மற்ற கணக்குக்கு வருவோம்.

டெஸ்ட் 1: எத்தனை ஸ்டெப்ஸ்?

வாய்விட்டு எண்ணி 500 அடி நடந்தேன். வாட்ச் 538 என்றது. இந்த விலைக்கு மோசமில்லை. உள்ளே இருக்கும் ஆக்ஸிலரோமீட்டர் என்ற சிறு சிப், கை அசைவின் வேகத்தையும் திசையையும் வைத்து ‘இது ஒரு அடி’ என்று முடிவு செய்கிறது.

அதனாலேயே அது ஏமாறவும் செய்கிறது. அம்மா வாட்ச்சைக் கட்டிக்கொண்டு சப்பாத்தி மாவு பிசைந்ததில் 210 ஸ்டெப்ஸ். அப்பா பைக்கில் நாலு கிலோமீட்டர் போய்வந்ததில் 640. விலை உயர்ந்த வாட்ச்களிலும் இந்தப் பிழை கொஞ்சம் உண்டு. ‘நேற்றைவிட இன்னைக்கு அதிகமா நடந்தேனா?’ என்று பார்த்துக்கொள்ள இது போதும்.

டெஸ்ட் 2: இதயத் துடிப்பு

வாட்ச்சைத் திருப்பினால் பச்சை விளக்கு மின்னும், இல்லையா? ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டு ரத்தக்குழாய்களில் ரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால், திரும்பிவரும் ஒளியும் கூடிக் குறையும். பக்கத்தில் இருக்கும் சென்சார் அதை எண்ணுகிறது. இது நிரூபிக்கப்பட்ட தொழில்நுட்பம்தான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது விரலால் நாடி பிடித்து எண்ணினால் எனக்கு 74. வாட்ச் 77. பரவாயில்லையே என்று நினைத்தேன். மொட்டை மாடிக்கு மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டு எண்ணினால் 128. வாட்ச்சோ 84-லேயே நின்றது. ஒரு நிமிடம் கழித்து 96-க்கு வந்தது. உடம்பு ஓய்வாக இருக்கும்போது சரியாகச் சொல்கிற வாட்ச், உண்மையிலேயே தெரிய வேண்டிய நேரத்தில் தடுமாறியது.

டெஸ்ட் 3: பி.பி.

காலையும் மாலையும் அப்பாவை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, ஒரு கையில் மெஷின், மறுகையில் வாட்ச். மாத்திரை ஒழுங்காகப் போடத் தொடங்கியதும் மெஷினில் எண்கள் மெல்ல இறங்கின: 158/96, 154/94, 150/92, 146/90. வாட்ச்சில்? 119/77, 117/75, 121/79, 118/76. அப்பாவின் பி.பி. ஏறியிருந்தபோதும் அதேதான், இறங்கியபோதும் அதேதான்.

மாடி ஏறி மூச்சிரைக்க நின்ற என் தம்பிக்கு 119/78. சுருட்டிய துண்டைச் சுற்றி வாட்ச்சைக் கட்டினேன்: 116/74. கடைசியாக, பூஜைக்கு வாங்கி வைத்திருந்த வாழைப்பழத்துக்குக் கட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 118/76 என்றது. அப்பாவுக்கு மெடிக்கல் ஷாப்பில் காட்டிய அதே எண்!

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழத்திலோ துண்டிலோ கட்டினால் நல்ல வாட்ச்கூடச் சில நேரம் ஒரு ‘துடிப்பு’ காட்டிவிடும். திரும்பிவரும் ஒளியை மட்டும் பார்ப்பதால் வரும் கோளாறு அது. ஆனால் பி.பி. கதை வேறு.

மருத்துவமனை மெஷின் எப்படி பி.பி. பார்க்கிறது? கையில் கட்டிய பட்டிக்குள் காற்றை ஏற்றி ரத்தக்குழாயை அழுத்துகிறது. பிறகு காற்றை மெல்ல இறக்கும்போது ரத்த ஓட்டத்தால் பட்டியில் ஏற்படும் அதிர்வை அளக்கிறது. அழுத்தத்தை அளக்க அங்கே ஓர் அழுத்தம் இருக்கிறது. அதனால்தான் வாவே வாட்ச் டி, ஓம்ரான் ஹார்ட்கைடு போன்றவற்றின் ஸ்ட்ராப்புக்குள்ளேயே காற்று ஊதும் குட்டிப் பட்டியை வைத்தார்கள். சாம்சங் வாட்ச்களில் ஒளி சென்சார் மூலம் பி.பி. பார்க்கும் வசதி சில நாடுகளில் உண்டு. அதற்கும் முதலில் நிஜமான பி.பி. மெஷினோடு ஒப்பிட்டு அளவு திருத்த வேண்டும், 28 நாட்களுக்கு ஒருமுறை மறுபடியும் திருத்த வேண்டும். அப்பாவின் வாட்ச் அப்படி எதையும் கேட்கவே இல்லை.

எல்லாவற்றையும்விட வேடிக்கை இதுதான். இந்த வாட்ச் யாரைக் காப்பியடிக்கிறதோ, அந்த ஆப்பிள் வாட்ச் பி.பி. எண்ணையே காட்டுவதில்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதியோடு ஆப்பிள் கொண்டுவந்த வசதியும், 30 நாள் தரவைப் பார்த்து ‘உங்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கலாம்’ என்று எச்சரிப்பதோடு நின்றுவிடுகிறது. அசல் சொல்லத் தயங்கும் எண்ணை, நகல் தயங்காமல் சொல்கிறது.

டெஸ்ட் 4: ஆக்ஸிஜனும் சுகரும்

ரத்த ஆக்ஸிஜனைப் பார்க்க சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு வகை ஒளி வேண்டும். ஆக்ஸிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் இவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த விகிதத்தில்தான் கணக்கே இருக்கிறது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டினோமே ஆக்ஸிமீட்டர், அதுவும் இப்படித்தான் வேலை செய்தது.

அறையை இருட்டாக்கிவிட்டு அப்பாவின் வாட்ச்சில் ஆக்ஸிஜன் டெஸ்ட்டை ஓட்டினேன். எரிந்தது பச்சை விளக்கு மட்டுமே. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பல போன்களின் செல்ஃபி கேமராவில் மங்கலாகத் தெரியும். டி.வி. ரிமோட்டின் ஒளி என் கேமராவில் தெரிந்தது. வாட்ச்சில் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் ரிசல்ட் வந்தது: 98 சதவீதம். வாழைப்பழத்துக்கும் 98!

சுகர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊசி குத்தாமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த ஸ்மார்ட்வாட்ச்சுக்கும், மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தப்பான எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதுதான் காரணம். தோலுக்கடியில் மெல்லிய சென்சார் பொருத்தும் சி.ஜி.எம். கருவியின் அளவை வாட்ச்சில் பார்க்கலாம். அங்கே அளப்பது அந்த சென்சார், வாட்ச் வெறும் திரைதான்.

ஆப் கேட்கும் அனுமதிகள்

வாட்ச்சோடு வந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால், பிளே ஸ்டோருக்குப் போகாமல் ஏதோ ஒரு தளத்திலிருந்து ஆப் இறங்குகிறது. அது கான்டாக்ட்ஸ், கால் லாக், எஸ்.எம்.எஸ்., லொகேஷன், மைக் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிறது. அழைப்பையும் மெசேஜையும் வாட்ச்சில் காட்ட இவற்றில் சில தேவைப்படலாம். ஆனால் அதே போனுக்குத்தான் வங்கி ஓ.டி.பி.யும் வருகிறது. யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஆப்புக்கு எஸ்.எம்.எஸ். அனுமதி கொடுப்பது, வீட்டுச் சாவியை முகவரி தெரியாதவரிடம் கொடுப்பது மாதிரிதான். நான் முதலில் அந்த அனுமதியை ரத்து செய்தேன், பிறகு ஆப்பையே நீக்கிவிட்டேன்.

வாங்குவதற்கு முன் என்ன பார்க்கலாம்?

* ஸ்மார்ட்வாட்ச்சுக்கு இந்தியாவில் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்க எண் வாட்ச்சிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். ‘பி.ஐ.எஸ். கேர்’ ஆப்பில் அதைச் சரிபார்க்கலாம். இந்தப் பதிவு மின்பாதுகாப்புக்கானது, பி.பி. சரியாகக் காட்டும் என்பதற்கான உத்தரவாதம் அல்ல.
* 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி விற்பவர் விவரம், தயாரான நாடு, குறைதீர் அதிகாரியின் தொடர்பு ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள்.
* ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பெட்டியின் போட்டோ மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டோமே?

தூக்கிப்போட வேண்டாம். நேரம், அலாரம், நடைக்கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். பி.பி., சுகர், ஆக்ஸிஜன் எண்களை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள்.

வீட்டில் பி.பி. பார்க்க மேல்கையில் பட்டி கட்டும் மெஷினே நல்லது. பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, சிகரெட் வேண்டாம். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். எண் எதுவாக இருந்தாலும் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல் இருந்தால் வாட்ச் ‘நார்மல்’ என்றாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

வாட்ச் தப்பாகக் காட்டியதைவிட, எப்போதும் நல்ல எண்ணாகவே காட்டியதுதான் என்னைப் பயமுறுத்தியது. 180/110 என்று காட்டியிருந்தால் அப்பா அன்றே டாக்டரிடம் ஓடியிருப்பார். 118/76 என்றதால் மாத்திரை டப்பாவை மூடிவைத்தார். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது என்பதால், அவருக்கும் எதுவும் தெரியவில்லை. இந்த வாரம் வீட்டுக்குப் போன் பேசும்போது “மாத்திரை போட்டீங்களா?” என்பதோடு “பி.பி. எதுல பார்த்தீங்க?” என்றும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

அப்பா இன்னும் அந்த வாட்ச்சைத்தான் கட்டியிருக்கிறார். ஆனால் காலையில் மெஷினில் பார்த்து நோட்டில் எழுதி, எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறார். நேற்று 136/84. “வாட்ச்ல எவ்வளவுப்பா?” என்று சும்மா கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: “அதே 118-தான் பாப்பா.”