நான்கையும் எடுத்துவிடலாமா?

அக்கா மகளுக்கு 21 வயது. செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், கையில் ஒரு எக்ஸ்ரே உறையோடு வீட்டுக்குள் நுழைந்தாள். வலது கீழ்த்தாடையின் கோடியில் பத்து நாளாக வலி. ஒரு பல் கிளினிக்கில் ஓ.பி.ஜி. படம் எடுத்திருக்கிறார்கள்.

"மாமா, நாலு ஞானப்பல்லையும் எடுத்துடணுமாம். லீவுலயே முடிச்சிடலாம்னு சொல்றாங்க. நாளைக்கே அட்வான்ஸ் கட்டணும்."

"வலி ஒரு இடத்துலதானே? எதுக்கு நாலும்?"

"எல்லாம் உள்ளேயே புதைஞ்சிருக்காம்."

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். ஒரு காதிலிருந்து மறு காது வரை தாடையை விரித்து வைத்தாற்போல் இருந்தது. வலது கீழ்ப்புறத்தில் கடைசிப் பல் சரிந்து, தலையால் முன்னால் இருக்கும் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கத்துப் பல் எலும்புக்குள் முழுசாகப் படுத்திருந்தது. மேல்தாடையில் இரண்டும் இன்னும் இறங்கவேயில்லை. கீழ்ப்பற்களின் வேருக்கு அடியில், இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு பாதை ஓடியது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு போகும் வழி அது. அந்தப் பாதையைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

இப்படிப் படத்தோடும் பயத்தோடும் வீடு திரும்பும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

ஞானப்பல் பொதுவாக 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கும். வரிசையில் கடைசியாக வருவதால் பலருக்குத் தாடையில் அதற்கு இடம் மிஞ்சுவதில்லை. சில பல் பாதி முளைத்து நின்றுவிடும், சில சாய்ந்துகொள்ளும், சில எலும்புக்குள்ளேயே படுத்துவிடும். இந்த நிலையைத்தான் 'புதைந்த பல்' என்கிறார்கள். புதைந்திருப்பது மட்டுமே நோயாகிவிடாது. தொந்தரவே தராமல் ஆயுள் முழுக்க உள்ளே கிடக்கும் பற்களும் உண்டு. ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்தப் பல்லால் இப்போது என்ன கெடுதல் நடந்திருக்கிறது? படத்தில் எங்கே என்று காட்டுங்கள்."

எடுத்தே ஆக வேண்டிய காரணங்கள் தெளிவாக இருக்கின்றன. அடைக்க முடியாத அளவுக்குச் சொத்தையான ஞானப்பல்லை வைத்திருக்கக் கூடாது. முன்னால் உள்ள நல்ல கடைவாய்ப்பல்லை அது சொத்தையாக்கினாலோ, அதன் வேரை அரித்தாலோ, சுற்றியுள்ள எலும்பைத் தின்றாலோ எடுக்க வேண்டும். பல்லைச் சுற்றி நீர்க்கட்டியோ வேறு கட்டியோ இருந்தாலும் அப்படித்தான்.

அடிக்கடி பார்க்கிற தொல்லை வேறொன்று. பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மடிப்பாக மூடியிருக்கும். சோற்றுப்பருக்கையும் கீரைத்துணுக்கும் அதற்குள் போய்ச் சிக்கும். பிரஷ் அங்கே எட்டாது. ஈறு வீங்கும், சீழ் வைக்கும், வாயைத் திறக்கவே வலிக்கும், மேல்பல் அந்த வீங்கிய ஈறையே கடிக்கும். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வந்ததும் இதுதான். முதல் தடவை லேசாக வந்தால், மடிப்புக்கு அடியில் டாக்டர் நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி அனுப்புவார். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பல்லை எடுத்துவிடுவதே நல்லது. மருந்துக்கடையில் நாமே ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு நாள் விழுங்கிவிட்டு, வலி போனதும் மறந்துவிடுவது சிகிச்சை ஆகாது. மடிப்பும் அழுக்கும் அங்கேயே இருக்கின்றன, வலி திரும்பி வரும்.

தொந்தரவே இல்லாத பல்லை முன்னெச்சரிக்கையாக எடுப்பதில்தான் உலகெங்கும் வாதம் நடக்கிறது. பிரிட்டனில் அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு, நோயில்லாத புதைந்த ஞானப்பற்களை எடுக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2000 மார்ச்சில் அறிவுறுத்தியது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கமும் 2008-ல் அப்படிப்பட்ட அறுவைக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. கிடைக்கிற ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பீடும், தொந்தரவில்லாத பல்லை எடுப்பதே மேல் என்றோ விடுவதே மேல் என்றோ அறுதியிட்டுச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றுதான் முடித்தது.

ஆனால் பிரிட்டனின் கதை அத்தோடு நிற்கவில்லை. இளம் வயதில் எடுக்காமல் விட்டவர்களில் பலர் பின்னாளில், முப்பதைத் தாண்டிய பிறகு, அதற்கு முன்னால் உள்ள கடைவாய்ப்பல்லும் சேர்ந்து சொத்தையாகி வந்ததை அங்குள்ள பல் மருத்துவர்களே பதிவு செய்தார்கள். குறிப்பாக, பாதி முளைத்து அந்தக் கடைவாய்ப்பல்லில் சாய்ந்து நிற்கும் கீழ்ப்பற்கள் இந்த வேலையைச் செய்தன. 2020-ல் அங்குள்ள ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸின் பல் அறுவைப் பிரிவு, ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே எடைபோட்டு முடிவெடுக்கச் சொல்லிப் புதிய வழிகாட்டுதல் தந்தது. வயது ஏற ஏற எலும்பு இறுகும், வேர் முற்றும், புண் ஆற நாளாகும். ஆகவே விட்டுவைப்பதென்று முடிவு செய்தால், டாக்டர் சொல்லும் இடைவெளியில் போய்க் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு பேச்சுகளை இங்கேயே ஒதுக்கிவிடலாம். ஞானப்பல் தள்ளுவதால் முன்வரிசைப் பல் கோணலாகிவிடும் என்று சொல்லி எடுக்கச் சொல்வார்கள். ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. 1998-ல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு, பற்களைச் சீர்படுத்திக்கொண்ட இளைஞர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஞானப்பல்லை எடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தது. முன்பற்கள் நெருக்கும் அளவில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. மற்றொன்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது: மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும். பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. இந்தப் பயத்தால் சீழ் பிடித்த பல்லை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

புதைந்த பல்லை எடுப்பது சாதாரணமாகப் பல் பிடுங்குவது போன்றதல்ல. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கீறி விலக்கி, எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுத்து, தையல் போடுவார்கள். இரண்டு மூன்று நாள் முகம் வீங்கும், வாய் சரியாகத் திறக்காது. இது எதிர்பார்க்கக் கூடியதே. மூன்றாம் நாள் குறைய வேண்டிய வலி குறையாமல் காது வரை தெறித்தால், குழியில் உறைந்த ரத்தம் கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். டாக்டர்கள் இதை ட்ரை சாக்கெட் என்பார்கள். போய்க் காட்டினால் மருந்து வைத்து ஆற்றிவிடுவார்கள். புகை பிடிப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்.

நரம்பு விஷயம் அப்படி எளிதல்ல. உதடும் முகவாயும் சில வாரம், சில மாதம் மரத்திருந்து பிறகு தேறுவது உண்டு. நிரந்தரமாக மரத்துப்போவது பொதுவாக 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வேர் நரம்புப் பாதையைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஆபத்து கூடுகிறது. நாக்கு நரம்பு அடிபட்டால் நாக்கின் ஒரு பக்கம் உணர்வும் சுவையும் குறையும். உதடு மரத்தவருக்கு ரசம் ஒழுகுவது தெரியாது. உதட்டோரத்தில் ஒட்டிய பருக்கையை எதிரில் இருப்பவர் சொல்லித்தான் துடைப்பார். வாழ்நாள் முழுக்க இது தொடரக்கூடும் என்பதால் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். வேர் நரம்பை ஒட்டியிருந்தால் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை உள்ளேயே விட்டுவிடும் முறையும் உண்டு. எல்லாருக்கும் பொருந்தாது; எனக்குப் பொருந்துமா என்று கேட்கலாம்.

கருவிகளின் சுத்தத்தைப் பற்றிக் கேட்கவும் கூச்சப்படாதீர்கள். 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களுக்கு மெலியாய்டோசிஸ் என்ற கிருமித்தொற்று மூளைக்குப் பரவி, 8 பேர் இறந்தார்கள். அங்கே சலைன் பாட்டிலை அறுவைக் கருவியால் திறந்து, அரைகுறையாக மூடி, மறுபடி மறுபடி பயன்படுத்தியதை ஆய்வாளர்கள் பின்னர் வெளியிட்டார்கள். ஈறை விலக்கும் கருவி அது; ஞானப்பல் அறுவையிலும் அதுதான் கையில் இருக்கும். "எனக்குப் புதுப் பாட்டில் திறக்கிறீர்களா? கருவிகளின் உறையை என் முன்னால் பிரிக்கிறீர்களா?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

உங்கள் பக்கத்திலும் சொல்ல வேண்டியவை உண்டு. சர்க்கரை, இதய வால்வுப் பிரச்சினை, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ போடும் எலும்பு மருந்து எதையும் மறைக்காதீர்கள். ரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி உரிமை. சமீரா கோலி வழக்கை ஒவ்வொரு நோயாளியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக மயக்க மருந்துக்குச் சம்மதித்தார். மயக்கத்தில் இருக்கும்போதே, தாயிடம் மட்டும் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒன்றுக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்கு ஆகாது. சிகிச்சை என்ன, எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் எவை, செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் விளக்கியாக வேண்டும். வலிக்கிற ஒரு பல்லுக்காகக் கையெழுத்துப் போட்டால், அது மற்ற மூன்றுக்கும் போட்ட கையெழுத்து ஆகாது.

அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. அரிதான ஆபத்துகளையெல்லாம் டாக்டர் எடுத்துச் சொல்லத் தேவையில்லை என்கிறது நீதிமன்றம். நூற்றில் ஒன்றுக்கும் குறைவான நரம்புச் சேதத்தை 'அரிது' என்று ஒரு டாக்டர் சொல்லாமல் விடலாம். ஆகவே நீங்களே கேட்டுவிடுங்கள். கேட்டதையும் பதிலையும் சம்மதப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். படிவம் புரியாத ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் வெளியிட்ட நோயாளி உரிமைச் சாசனம், இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமையையும் மருத்துவப் பதிவுகளின் நகலைப் பெறும் உரிமையையும் சொல்கிறது. எக்ஸ்ரேவுக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள், படத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வாய், முகம், தாடை அறுவைப் பிரிவில் காட்டலாம். நாங்கள் அப்படி ஒரு பேராசிரியரிடம் காட்டினோம். வலது கீழ்ப்பல்லை மட்டும் எடுக்கலாம், இடது பல்லின் வேர் நரம்பை ஒட்டியிருக்கிறது, அதைக் கவனித்து வரலாம், மேல்பற்களைத் தொட வேண்டாம் என்றார். ஒரே பல் போயிற்று. தையல் பிரித்த அன்றே அவள் இட்லியைக் கடித்துச் சாப்பிட்டாள்.

ஒரு எச்சரிக்கை. தாடைக்கு அடியில் கெட்டியாக வீங்கி, காய்ச்சலடித்து, ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காமல், எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு திணறினால், இரண்டாவது கருத்து கேட்க நேரமில்லை. சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழலை அடைத்துவிடும். 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நடுராத்திரியானாலும்.

தவறு நடந்துவிட்டால்? பாதிப்பு வந்ததாலேயே அது டாக்டரின் அலட்சியம் என்று ஆகிவிடாது; எச்சரித்து, கவனமாகச் செய்தும் நரம்பு அடிபடலாம். சம்மதமின்றி எடுத்தது, தவறான பல்லை எடுத்தது, படம் பார்க்காமல் கைவைத்தது, மரத்துப்போனதைச் சொல்லியும் பார்க்காமல் விட்டது ஆகியவை வேறு வகை. முதலில் எழுத்தில் கிளினிக்கிடம் விளக்கம் கேளுங்கள். டாக்டரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலிலும், கிளினிக்கின் சுத்தம், பதிவு பற்றி மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் புகார் தரலாம். நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019-ன் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வழிகேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு.

வழக்குப் போட 2 ஆண்டுதான் கெடு. உதடு தேறிவிடும், தேறிவிடும் என்று காத்திருந்தே அதைக் கடத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்துச் சீட்டு, ரசீது, படம், படிவ நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, அறுவை நடந்த தேதியை அதன் மேல் எழுதி வையுங்கள்.