எழுத்தும் பொருளும் – 12
மலைக்கு ஏது பெரிய எழுத்து?

ஆங்கிலம் எழுதப் பழகும் நம் பிள்ளைகளைப் படுத்தி எடுப்பது கேப்பிட்டல் லெட்டர் என்கிற பெரிய எழுத்து. வாக்கியத்தின் தொடக்கத்தில் அது வரவேண்டும். ஆள், ஊர், கிழமை, மாதம் ஆகியவற்றின் பெயர்களுக்கும் வரவேண்டும். ஆனால் கோடை, குளிர் போன்ற பருவங்களுக்குக் கூடாது. ‘அருவியில் குளித்தேன்’ என்று எழுதினால் அருவிக்குச் சின்ன எழுத்து. ‘மெயின் ஃபால்ஸ்’ என்று குற்றால அருவியின் பெயரைச் சொன்னால் இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து. தெற்கு என்ற திசைக்குச் சின்ன எழுத்து, தென்காசிக்குப் பெரிய எழுத்து. பொதுச்சொல்லா, பெயரா என்பதை எழுத்தின் உருவமே காட்டிவிடும்.

இந்த வசதியை ஆங்கிலக் கவிஞர்கள் நன்றாகப் பயன்படுத்தினார்கள். மரணம், காலம், காதல் என்ற சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் அவை ஆட்களாகிவிடும். எமிலி டிக்கின்சன் சாதாரணப் பெயர்ச்சொற்களுக்குக்கூடப் பெரிய எழுத்து இட்டார். அவர் மறைந்த பிறகு 1890-ல் வந்த முதல் தொகுப்பில் பதிப்பாசிரியர்கள் அவற்றில் பலவற்றைத் திருத்திவிட்டார்கள். 1955-ல் தாமஸ் ஜான்சன் பதிப்பு வந்தபோதுதான் அவை பழைய இடத்துக்குத் திரும்பின.

தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. அப்படியானால் பாட்டில் வரும் ஒரு பொருள் தன்னைத் தாண்டி இன்னொன்றையும் குறிக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் இதற்கு விடை இருக்கிறது. திரிகூடம் என்றால் மூன்று சிகரங்கள் கூடிய மலை. அந்த மலையே குற்றாலத்து ஈசன் பெயரிலும் இருக்கிறது, கவிராயர் பெயரிலும் இருக்கிறது. எந்த இடத்தில் மலை, எந்த இடத்தில் இறைவன் என்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர் முடிவு செய்தாக வேண்டும். தமிழில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்தே இருக்கலாம்.

குறி சொல்ல வந்த குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லும் இடத்தைப் பாருங்கள். ஆண்குரங்கு பழம் கொடுத்துத் தன் துணையோடு குலவுகிறது. மலையில் நடக்கிற காட்சிதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருப்பவள் யார்? இறைவன் குற்றாலநாதர் மேல் காதல் கொண்டு வாடும் வசந்தவல்லி. துணையோடு இருக்கும் குரங்கைப் பற்றித் துணையில்லாதவளிடம் சொன்னால் அவள் மனம் என்ன பாடுபடும்! ஆங்கிலத்தில் பெரிய எழுத்து செய்கிற வேலையை இங்கே கேட்பவளின் நிலையே செய்துவிடுகிறது. நிலமும் விலங்கும் சொல்லாமல் சொல்லும் இந்தப் பொருளுக்குத் தொல்காப்பியம் உள்ளுறை, இறைச்சி என்று பெயர் வைத்து இலக்கணமே வகுத்திருக்கிறது.

வசந்தவல்லியை உயிராகவும் குறத்தியைக் குருவாகவும் கொண்டு பொருள் சொல்பவர்களும் உண்டு. அது தவறில்லை. ஆனால் அந்தப் பொருள் வந்ததும் குரங்கும் பழமும் மறைந்துபோனால், அங்கே தத்துவம் மிஞ்சும், பாட்டு மிஞ்சாது.

இதே வட்டாரத்தில் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் வாழ்ந்தவர் பாரதி. குயில் பாட்டை முடிக்கும்போது, இதற்குத் தத்துவப் பொருள் காண இடமுண்டா என்று அவர் புலவர்களையே கேட்கிறார். கேட்டாரே தவிர, விடையை அவர் எழுதிவைக்கவில்லை. அவருடைய ‘சக்தி’ ஆற்றலா, அன்னையா? மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு முறையும் எழுத்தைப் பெரிதாக்குவதா, சிறிதாக்குவதா என்று தவிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் வாசிக்கிற நமக்கு இரண்டும் ஒருசேரக் கிடைக்கின்றன.

பெரிய எழுத்தின் வேலையைக் குரலும் செய்யும். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. (1882–1954) பாட்டை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே நண்பர்களுக்கு அதன் சுவையைக் காட்டினார். எந்தச் சொல்லில் குரல் நிற்க வேண்டும், எங்கே எழ வேண்டும் என்பது தெரிந்துவிட்டால், எந்தச் சொல்லுக்கு எடை அதிகம் என்பதும் தெரிந்துவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘இந்த அருவி எதைக் குறிக்கிறது?’ என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். முதலில் பாட்டை இரண்டு முறை உரக்கச் சொல்ல வையுங்கள். யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அருவியின் இரைச்சல் பிள்ளைகளின் காதில் விழட்டும். குறிப்புப் பொருளை அதன் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

(தொடரும்)