நாளைய முடிவும் இன்றைய பந்தயமும்

மக்கமா நகரில் முஸ்லிம்கள் சிறு கூட்டத்தினராய் இன்னலுற்று வாழ்ந்த காலம் அது. வடக்கே இரு பேரரசுகள் பொருதிக்கொண்டிருந்தன. ஒன்று, வேதத்தையுடைய கிறித்தவர்களின் ரோமப் பேரரசு. மற்றொன்று, நெருப்பை வணங்கிய பாரசீகம். கி.பி. 614-இல் பாரசீகர்கள் ஜெருசலேம் நகரைக் கைப்பற்றினர். செய்தி கேட்ட குறைஷியர் களிகூர்ந்தனர். வேதக்காரர்கள் வீழ்ந்ததைப்போல் முஸ்லிம்களும் வீழ்வர் என ஏளனம் பேசினர். அவ்வேளையில்தான் திருக்குர்ஆனின் 30-ஆம் அத்தியாயமாகிய 'அர்ரூம்' அருளப்பெற்றது. தோற்ற ரோமர் சில ஆண்டுகளிலேயே வெல்வர் என அதன் தொடக்க வசனங்கள் முன்னறிவித்தன.

ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் இதனைக் குறைஷியர் நடுவே உரக்க எடுத்துரைத்தார்கள். உபை இப்னு கலஃப் என்பவன் மறுத்தான். பந்தயம் கட்டப்பட்டது. முதலில் குறித்த தவணை குறுகியதாயிருந்தது. வசனத்தில் வரும் சொல் மூன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்ணைக் குறிக்கும் என நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கவே, தவணை ஒன்பது ஆண்டுகளாகவும் பந்தயப் பொருள் நூறு ஒட்டகங்களாகவும் உயர்த்தப்பட்டன என விரிவுரையாளர்கள் கூறுகின்றனர்.

622-இல் ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸ் எதிர்த்தாக்குதலைத் தொடங்கினார். வெற்றிகள் தொடர்ந்தன, 627-இல் நினவே அருகே பாரசீகப் படை முறியடிக்கப்பட்டது. இறைவாக்கு மெய்யாயிற்று. உபை இறந்துவிட்டபடியால் அவனுடைய வாரிசுகளிடமிருந்து ஒட்டகங்கள் பெறப்பட்டன என்றும், அவற்றைத் தருமம் செய்துவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்றும் அறிவிப்புகள் உண்டு. இப்பந்தயம் சூது விலக்கப்படுவதற்கு முன்னர்க் கட்டப்பட்டது என்பதையும் அறிஞர்கள் மறவாமல் குறிப்பிடுகின்றனர்.

இறைவனே உறுதியளித்த செய்தியின் மீது கட்டப்பட்ட பந்தயத்தின் பொருளே தருமத்துக்குரியதாயிற்று எனில், நாளை விடிவது எப்படியென அறியாத நாம் தேர்தல் முடிவின் மீது பணம் கட்டி ஈட்டுவதற்கு என்ன பெயர் சூட்டுவது?

கைக்குள் வந்த களம்

தேர்தல் வந்துவிட்டால் மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி ஊர்களிலும் தேநீர்க் கடைப் பலகைகள் சட்டமன்றங்களாகிவிடும். வாதம் முற்றினால், தோற்றவர் மொட்டை அடிப்பது, மீசையை எடுப்பது எனப் பந்தயம் பிறக்கும். அதில் வேடிக்கை மிகுதி, இழப்புக் குறைவு எனலாம். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் இவ்வழக்கம் கைப்பேசிக்குள் புகுந்து வேறு உருவம் கொண்டது.

அதன் நடைமுறை எளியது. 'இன்ன கட்சி வெல்லுமா?' என்று கேள்வி எழுப்பப்படும். 'ஆம்' என்பதற்கு 6 ரூபாய், 'இல்லை' என்பதற்கு 4 ரூபாய் என விலை நிற்கும். முடிவு சரியாக அமைந்தவருக்கு 10 ரூபாய், தவறியவருக்கு ஒன்றுமில்லை. 'ஆம்' என்பதில் நூறு சீட்டு வாங்கியவர் 600 ரூபாய் கொடுத்து 1,000 ரூபாயை எதிர்நோக்குகிறார். அவர் வென்றால் அந்த உபரி 400 ரூபாய் விண்ணிலிருந்து விழுவதில்லை. மறுபுறம் நின்ற இன்னொருவரின் இழப்பே அது. இடையில் நிறுவனம் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது. பொருள் விளையவில்லை, உழைப்பு இல்லை, பண்டம் கைமாறவில்லை. அருள்மறை 'மைஸிர்' என விலக்கியதன் இலக்கணம் இதுவேயன்றோ?

இதற்குச் 'சூது' என்ற பெயரைச் சூட்டாமல் 'கருத்து வணிகம்' என்று பெயரிட்டனர். பங்குச் சந்தைக்குரிய சொற்களையும் கடன் வாங்கினர். இவை பங்கு வணிகம் ஆகா என்றும், இவற்றில் முதலீட்டாளருக்குரிய பாதுகாப்பு எதுவும் இல்லை என்றும் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான 'செபி' 2025 ஏப்ரல் 29 அன்று மக்களை எச்சரித்தது.

மதுரையில் எழுந்த குரல்

இணையவழிச் சூதுக்கு எதிரான சட்டத்தின் வரலாற்றில் மதுரைக்கும் பங்குண்டு. 2020 ஜூலையில், சீட்டாட்டம் பற்றிய ஒரு வழக்கை விசாரித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இணைய விளையாட்டுகளால் இளைஞர் பொருளும் உயிரும் இழப்பதைச் சுட்டி, அவற்றை முறைப்படுத்தச் சட்டம் வேண்டுமென வலியுறுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. பின்னர் இயற்றப்பட்ட சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2022 அக்டோபரில் சட்டமன்றம் புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் சட்டமாயிற்று. அச்சட்டப்படி இணையச் சூதாடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் பின்னர் 'புரோபோ' முதலிய கருத்துப் பந்தய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. எனினும், சட்டம் அடைத்த வாசலுக்குப் பக்கத்திலேயே ஆசை வேறொரு சந்தைத் திறக்கும் என்பதை லாட்டரியின் வரலாறு நமக்குக் காட்டியுள்ளது. 2003 சனவரியில் தமிழகத்தில் தடுக்கப்பட்ட லாட்டரி, அதன் பின்னும் மறைவில் விற்கப்பட்டு, வழக்குகள் தொடர்ந்தன. உள்ளம் விலகினாலன்றிக் கை விலகாது.

அறிவை வளர்க்கிறதா?

இத்தகைய சந்தைகளை ஆதரிப்போர் கூறும் வாதத்தையும் நேர்மையாகக் கேட்டல் வேண்டும். பணத்தை முன்வைக்கும்போது மனிதன் ஆராய்ந்தே பேசுகிறான். பலருடைய அறிவு ஒரே விலையில் திரள்கிறது. ஆகவே கருத்துக் கணிப்பினும் இது துல்லியமானது என்பர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1988 முதல் இதனை ஆய்வுக்காக, ஒருவர் 500 டாலருக்கு மேல் இடக்கூடாதென்ற வரம்புடன் நடத்தி வந்துள்ளது. 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'பாலிமார்க்கெட்' என்னும் களத்தில் 300 கோடி டாலருக்கு மேல் புரண்டது. அதன் கணிப்பும் பலித்தது.

ஆயினும் 2016-இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகாதென்றே பந்தயக்காரர்கள் நம்பினர், விலகியது. நம் நாட்டில் 2024 ஜூன் முதல் நாள் வெளியான கணிப்புகளிற் பெரும்பாலானவை ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் இடங்களை அளித்தன, கிடைத்தவை 293. அக்கணிப்பை நம்பிப் பங்கு வாங்கியோர் பலர், ஜூன் 4 அன்று 'சென்செக்ஸ்' ஏறத்தாழ 4,390 புள்ளிகள் சரிந்தபோது கைப்பொருளை இழந்தனர்.

கணிப்பு பலித்ததா, பொய்த்ததா என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு. முடிவின் மீது பணம் வைத்தவன் நாட்டைப்பற்றி எவ்வாறு பேசுவான்? தன் பணம் நிற்கும் பக்கம் வலுப்பெற வேண்டுமென்றே பேசுவான். வதந்தி அவனுக்குக் கருவியாகும். பெருஞ்செல்வர் ஒருவர் ஒரே பக்கத்தில் பணத்தைக் குவித்து விலையை ஏற்றலாம். ஏறிய விலையே 'மக்கள் மனநிலை' என்னும் செய்தியாகி வாக்காளரை வந்தடையும்.

மதுரை மக்கள் இதனை எளிதில் உணர்வர். 2009 சனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல், வாக்குக்குப் பணம் என்னும் தீமைக்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற பெயரையே நாட்டுக்குத் தந்துவிட்டது. வாக்கை விற்பவன் தன் சாட்சியத்தை விற்கிறான். முடிவின் மீது பந்தயம் கட்டியவனோ, தன் சாட்சியத்துக்குத் தானே விலை குறித்துக்கொள்கிறான். வாக்கு ஓர் அமானிதம். அமானிதத்தில் ஆதாயம் பார்ப்பது மோசடியன்றி வேறென்ன?

இல்லத்தில் தொடங்குக

அரசியலை ஆராய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. கலந்தாலோசனையை அருள்மறை போற்றுகிறது. காரணம் காட்டி, 'இவர் வெல்லக்கூடும்' என்று சொல்வது கருத்து. அதன் மீது பணம் கட்டுவதே சூது. நாளை தான் என்ன ஈட்டுவோம் என்பதை எந்த ஆன்மாவும் அறியாது என 'லுக்மான்' அத்தியாயம் உணர்த்துகிறது. சூது மக்களிடையே பகைமையை விதைத்து, இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கும் என 'அல்மாயிதா' அத்தியாயம் எச்சரிக்கிறது.

கல்லூரி செல்லும் மகனின் கைப்பேசியில் பத்தும் இருபதுமாகக் கரையும் பணத்தைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும். கடுஞ்சொல்லால் அல்ல, அந்த 10 ரூபாய் எவருடைய இழப்பிலிருந்து வருகிறது என்ற கணக்கை அவனுடன் அமர்ந்து போட்டுக் காட்டினாலே போதும். கடனில் சிக்கியவனை மறைந்து வாழ விடாமல், பேச அழைப்பது குடும்பத்தின் கடமை. சூதாட வருமாறு தோழனை அழைத்தவனே தருமம் செய்துகொள்ளட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் நபிமொழி உண்டு. ஆடியவனுக்கல்ல, அழைத்தவனுக்கே இப்பரிகாரம் என்றால், அச்செயலின் கடுமையை அளந்துகொள்ளலாம்.

வல்ல நாயன் நம் இல்லங்களில் ஹலாலான சம்பாத்தியத்தை நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.