சேமிப்பும் நம் கையெழுத்தும்



நம் ரஞ்சன்குடிக் கோட்டை ஒரு நாளில் எழுந்ததன்று. கல்மேல் கல் வைத்து எழுந்தது. சேமிப்பும் அப்படியே. தபால் தலை சேகரிப்பு, தையல், பூ வேலை என நம் பொழுதுபோக்கு எதுவாயினும் அது பொறுமையைப் பழக்குகிறது. காசு சேர்க்கவும் அதே பொறுமைதான் வேண்டும்.

உண்டியலில் இட்ட காசு வளராது. இந்தியாவில் 1882இல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் இட்டால் வட்டி சேரும். 500 ரூபாயில் கணக்குத் தொடங்கலாம். 10 வயது நிறைந்தவர்கள் தம் பெயரிலேயே தொடங்கி, தாமே கையெழுத்திட்டு நடத்தலாம்.

2015இல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டம் 10 வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளுக்கு உரியது. ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலும் போதும். பெற்றோர் நடத்தும் அக்கணக்கை 18 வயதில் மகளே ஏற்று நடத்தலாம். பத்தாம் வகுப்புத் தேறியபின், மேற்படிப்புக்காக, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதிவரை எடுக்கவும் வழியுண்டு. பல வீடுகளில் இதைத் திருமணப் பணம் என்றே எண்ணுகின்றனர். படிப்புக்கும் உரியது என்பதை நாம்தான் அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பதினெட்டு வயது தானாக வரும். பக்குவம் தானாக வராது. ஆகவே பாஸ் புத்தகத்தைப் படிக்கவும், படித்தபின் கையெழுத்திடவும் இன்றே பழகுவோம்!