120 பங்கும் ராமானுஜனின் பேரெண்ணும்

கல்முனையில் ஒருவர் மரணசாசனம் எழுதாமல் மௌத்தாகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, உம்மா, வாப்பா, இரண்டு மகன்மார், ஒரு மகள் இருக்கிறார்கள். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் இத்தகைய சொத்தை மார்க்கச் சட்டப்படி பங்கிடச் சொல்கிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஆறில் ஒன்று வீதம். மிச்சம் பிள்ளைகளுக்கு: ஆணுக்கு இரண்டு கூறு, பெண்ணுக்கு ஒன்று.

எட்டுக்கும் ஆறுக்கும் பொதுவான எண் 24. மனைவிக்கு 3, உம்மாவுக்கு 4, வாப்பாவுக்கு 4 போக மிச்சம் 13. பிள்ளைகளுக்கு வேண்டியது ஐந்து கூறு. 13 ஐந்தால் வகுபடாது. பராயிழ் எனும் வாரிசுப் பங்கீட்டுக் கணக்குத் தெரிந்த ஆலிம்கள் இந்த இடத்தில் 24ஐ ஐந்தால் பெருக்குவார்கள். மொத்தம் 120 பங்கு: மனைவிக்கு 15, பெற்றோருக்கு 20 வீதம், மகன்மாருக்கு 26 வீதம், மகளுக்கு 13. மீதியே இல்லை. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்ஜிப்ரா நூல் எழுதிய அல்-குவாரிஸ்மி, அதன் பெரும் பகுதியை இத்தகைய கணக்குகளுக்கே ஒதுக்கினார்.

24க்கு 8 காரணிகள்; 120க்கு 16. தமக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்டவை இரண்டும். இப்படிப்பட்ட எண்களைத்தான் கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜன் கேம்பிரிஜில் ஆராய்ந்து 1915இல் நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். அந்த ஆய்வுக்காக 1916இல் பட்டமும் பெற்றார். அவருடைய அட்டவணையின் கடைசி எண் 6,746,328,388,800. ஒன்று முதல் 28 வரை எந்த எண்ணாலும் அது மீதியின்றி வகுபடும். அதை உடைத்துப் பார்த்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7. பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. காரணிகளை எண்ண, ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும்: 7×5×3×3×2×2×2×2×2 = 10,080. சிறிய முதன்மை எண்கள் கூடுதலாகவும் பெரியவை குறைவாகவும் இருப்பதுதான் இதன் சூட்சுமம். அட்டவணையில் 293,318,625,600 என்ற எண் விடுபட்டிருக்கிறது. அதை 23ஆல் பெருக்கினால் வருவது அந்தக் கடைசி எண்ணேதான்!

நம் காணி அளவையோ இந்தப் பங்குக் கணக்குக்கு இசைவதில்லை. ஓர் ஏக்கர் 160 பேர்ச். 160இல் ஐந்து 2, ஒரு 5 உண்டு, 3 இல்லை. மேலே சொன்ன குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வயல் இருந்தால், மனைவிக்குச் சரியாக 20 பேர்ச் கிடைக்கும். உம்மாவின் பங்கு 26 பேர்ச்சும் மூன்றில் இரண்டும். மகளின் பங்கு 17 பேர்ச்சும் மூன்றில் ஒன்றும்.

பிரிக்காமல் விட்டால் எண் வளர்ந்துகொண்டே போகும். அந்த மகள் கணவனையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் மட்டுமே வாரிசுகளாக விட்டு மௌத்தானால், அவளுடைய 13 பங்கை நான்காக்க வேண்டும். மொத்தம் 480 ஆகிவிடும். அடுத்த தலைமுறையில் ஆயிரங்களைத் தொடலாம். எண் பெரிதாவதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பங்குகளை எழுதி வைக்காமல் விடுவதுதான் ஆபத்து. ஏனெனில் எழுதாத கணக்கில் முதலில் காணாமல் போவது பெண்ணின் 13தான். காணி உறுதியில் ஒவ்வொருவரின் பங்கையும் எண்ணாகவே பதியுங்கள். பாடசாலையில் காரணிகளைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இந்த 120ஐக் கரும்பலகையில் பிரித்துக் காட்டட்டும். தன் பங்கைத் தானே கணக்கிடத் தெரிந்த பிள்ளையை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.